லாட்ஜில் நனைந்த சான்றிதழ்கள்

மறுநாள் காலை ஏழு மணிக்கு நாகர்கோவிலில் வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு. கொல்லங்கோட்டிலிருந்து வரும் முதல் பஸ்ஸை நம்ப மனமில்லாமல், முந்தின நாள் மாலையே மலிவான ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். கையில் இருந்த பை நிறைய அசல் சான்றிதழ்கள்.

நகலெடுக்க வேண்டும் என்று ஆதாரை வாங்கிய மேனேஜர் அதை உடனே திருப்பித் தரவில்லை. அறைக் கதவின் தாழ்ப்பாளோ ஆடியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு எதுவும் சரியாகப் படவில்லை. குளிக்கப் போனபோது பையையும் உள்ளே கொண்டுபோய் ஆணியில் மாட்டினேன். குழாயைத் திறந்தால், மேலே இருந்த ஷவர் பை மேல் பீய்ச்சியடித்தது.

ஈரத் தாள்களோடு கீழே ஓடினேன். மேனேஜர் தன் மேசையைக் காலி செய்து, எல்லாவற்றையும் மின்விசிறிக்குக் கீழே பரப்பினார்.

"குளிக்கதுக்கு சர்ட்டிபிகேட்டையும் கூட்டிட்டா போவாவ தம்பி? எங்க மேல அவ்வளவு சந்தேகமா?"

"அப்படியெல்லாம் இல்லண்ணே."

"செரி, காயட்டும். நீரு போய் சாப்பிட்டுட்டு வாரும்."

தலைமையாசிரியரின் கையெழுத்து கொஞ்சம் பரவியிருந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது. வயிறு காந்தியது. பசியில்லை என்று சொல்லிவிட்டு, கடைசித் தாள் காயும்வரை அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.