நாற்பதடிச் சிரிப்பு

முடிச்சைப் போட்டதும் இரண்டு கைகளாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கால்களை எடுத்துவிடுகிறார். முழு உடம்பும் இரும்புச் சட்டத்திலிருந்து தொங்குகிறது. மூன்று எண்ணும்வரை அப்படியே ஆடிவிட்டு, முடிச்சு இளகவில்லை என்று தெரிந்த பிறகுதான் விளம்பரத் துணியின் அடுத்த வளையத்துக்கு நகர்கிறார். கீழே நின்று கயிறு பிடிக்கும் கூட்டாளி பதினாறு வருடமாக இதைப் பார்ப்பவர். இன்னமும் அந்த மூன்று எண்ணிக்கைக்குக் கண்ணை மூடிக்கொள்வார். "என் வெயிட்டையே தாங்கலேன்னா காத்த எப்படித் தாங்கும்?" என்று மேலேயிருந்து கேள்வி வரும்.

சாலையோர விளம்பரப் பலகைகளை ஏறி மாட்டுவது அவர் தொழில். ஒடிசலான உடம்பு, நீண்ட விரல்கள், செருப்பறியாத பாதங்கள். தொழிலில் எல்லோருக்கும் அவர் பல்லி. அவருக்கும் அதில் வருத்தமில்லை. தொலைபேசியை எடுத்தால் "பல்லி பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். காற்று எழும்புவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்பதால் விடிகாலையிலேயே சட்டத்தின் மேல் இருப்பார். உயரத்திலிருந்து கீழே கத்திக் கத்தி, அவருக்கு மெதுவாகப் பேசுவதே மறந்துபோய்விட்டது. சாப்பிடும்போது உப்பு கேட்டால் எதிர்வீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். "நான் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். நீங்க முதல்ல எறங்கி வாங்க" என்பார் மனைவி.

அவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. பலகையின் பெரிய எழுத்தை அவர் படிப்பதே இல்லை. அடிவிளிம்பில், ஒரு நட்சத்திரக் குறிக்குப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருக்குமே, அதைத்தான் படிப்பார். சோப்பானாலும் வீட்டுமனையானாலும் படித்துவிட்டுத்தான் இறங்குவார். "ரோட்டுல போறவன் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அப்போ யாருக்கு எழுதினது? எனக்குத்தான்" என்பார்.

ஊருக்கு வெளியே இருக்கும் தனியார் பல்கலைக்கழகத்தின் பலகையை ஆறு வருடமாக அவர்தான் மாட்டுகிறார். 'திறமையுள்ள ஏழை மாணவர்களுக்கு முழுக் கட்டண விலக்கு' என்று ஆளுயர எழுத்து. கீழே அந்த நட்சத்திரம்: 'விதிகளுக்கு உட்பட்டது.' மகள் பள்ளியிலேயே முதலாவதாக வந்தபோது அவருக்கு நினைவு வந்தது அந்தப் பலகைதான். அவளுக்குக் கட்டடப் பொறியியல் படிக்க ஆசை. அரசுக் கல்லூரியில் அரை மதிப்பெண்ணில் இடம் போனது. அந்த அரை மதிப்பெண்ணைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் இன்றும் எழுந்து வெளியே போய்விடுவார்.

சேர்க்கைக்குப் போன அன்றே, மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் கேட்டார்: "மேடம், அந்த விதியெல்லாம் என்னென்ன?"

அந்தப் பெண் சிரித்தார். "இதுவரைக்கும் யாருமே அதக் கேட்டதில்ல சார். அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

நல்லது செய்கிறவர்களைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாகிப் போனது. இன்றுவரை அவர் தன்னை மன்னிக்காதது அந்த வெட்கத்துக்காகத்தான்.

முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. கேமராவோடு ஒருவர் வந்து, நூலகப் படியில் மகளை நிறுத்தி, கையில் ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்து, "சிரிம்மா" என்றார். சிரித்தாள். இரண்டாம் வருடம் புதுப் பட்டியல் வந்தது. விலக்கு கற்பித்தல் கட்டணத்துக்கு மட்டும் என்றார்கள். அந்தக் கற்பித்தல் கட்டணத்தையும் பாதியாகக் குறைத்துவிட்டு, குறைத்ததை வளர்ச்சிக் கட்டணம், ஆய்வகப் பராமரிப்பு, மாணவர் அனுபவக் கட்டணம் என்று மூன்று பெயரில் கீழே ஏற்றியிருந்தார்கள். விலக்கு என்னவோ அப்படியேதான் இருந்தது. விலக்கப்பட்டதுதான் சுருங்கிப்போயிருந்தது. கட்ட வேண்டிய மிச்சம் அவருடைய ஏழு மாதச் சம்பளம்.

"வளர்ச்சி யாருக்கு? கட்டடம் அவங்களுது, எடம் அவங்களுது" என்று கத்தினார். "அனுபவத்துக்கு ஒரு கட்டணமாம். பட்டது நாங்க. அவங்கதான் எங்களுக்குக் குடுக்கணும்."

கத்தினாலும் கட்டினார். ஸ்கூட்டரை விற்றுவிட்டு, கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் வேலைக்குப் போனார். ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் மனைவி ஞாயிற்றுக்கிழமையும் போகத் தொடங்கினார். மகள் மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். கல்விக் கடனுக்காகப் போன வங்கியில் வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். "வீடு இருந்தா அத வித்துப் படிக்க வச்சிருப்பேனே, உங்ககிட்ட எதுக்கு சார் வரேன்?" என்று கேட்டுவிட்டு வந்தார். இத்தனை செய்தும் மூன்றாம் வருடம் மூச்சு முட்டியது. முக்கால்வாசியைக் கட்டினார்கள். கால்வாசி நின்றது.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு மதியம் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா, பாக்கி கட்டாம ஹால் டிக்கெட் தரமாட்டாங்களாம். நூலக வாசல்ல பேர் எழுதி ஒட்டியிருக்காங்க. என் பேரும் இருக்கு." குரலைத் தாழ்த்தி, "நீங்க வந்து சத்தம் போடாதீங்க, என்ன?" என்றாள்.

"சரி" என்றார் அவர்.

அன்று பிற்பகல் ஒப்பந்தக்காரரின் கிடங்குக்குப் பல்கலைக்கழகத்தின் புதுப் பலகைக்கான துணிச் சுருள் வந்தது. நாற்பதடி நீளம், இருபதடி உயரம். வளையமெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவரும் கூட்டாளியும் சுருளைப் பிரித்தார்கள். முதலில் ஒரு காது வந்தது. பிறகு கன்னம். அளவு பெரிதாகிவிட்டால் எந்த முகமும் முகமாகத் தெரியாது, வெறும் நிறமாகத்தான் தெரியும் என்று சொல்கிறவர் அவர். இடது புருவத்தின் மேல் ஒரு வெட்டுத்தழும்பு வந்தது. ஐந்து வயதில் கதவு நிலையில் இடித்துக்கொண்டது. ரத்தம் ஒழுக அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். கூட்டாளி பிரிப்பதை நிறுத்திவிட்டார். "நீ பிரி" என்றார் பல்லி. மிச்சமும் விரிந்தது. கையில் தடித்த புத்தகம், வாய் நிறையச் சிரிப்பு. அடிப்பட்டையில் இரண்டடி எழுத்தில், 'கனவுக்குக் கட்டணம் தடையல்ல.'

மறுநாள் காலை அந்தச் சுருளை ஒரு சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு இருவரும் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். விளம்பரப் பலகை என்றதும் காவலாளி கதவைத் திறந்துவிட்டார். நிர்வாகக் கட்டடத்தின் முன்னால் இறக்கி விரித்தார்கள். நெற்றி வாசற்படியில் ஏறிக் கிடந்தது. மோவாய் நீரூற்றைத் தொட்டது. உள்ளே போகிறவர்கள் எல்லோரும் மிதிக்காமல் ஓரமாகச் சுற்றிப் போனார்கள். பல்லி கட்டணக் கூடத்தின் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் போய் நின்றார்.

"மேடம், வெளிய ஒரு பொண்ணப் படுக்க வச்சிருக்கேன். அத எங்க மாட்டணும்னு கேக்க வந்தேன்."

"கொஞ்சம் மெதுவா பேசுங்க சார்."

"எனக்கு மெதுவா பேச வராது மேடம். அதே பொண்ணு பேரு நூலகத்து வாசல்ல ஒட்டியிருக்கு. சாலையில பெருமையாம், வாசல்ல பாக்கியாம். எதுன்னு சொல்லுங்க, அங்க மாட்டிட்டுப் போறேன்."

உள்ளிருந்து ஓர் அதிகாரி வந்தார். நல்ல சட்டை, பதறாத குரல். "சார், விளம்பரம் வேற பிரிவு. கட்டணம் வேற பிரிவு. நீங்க ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறீங்க."

"பிரிவு ரெண்டா இருக்கட்டும். புள்ள ஒண்ணுதானே சார்."

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. சில மாணவர்கள் கைப்பேசியை உயர்த்திப் படம்பிடிக்கத் தொடங்கினார்கள். மகள் படத்தைப் பலகையில் போட யார் அனுமதி கொடுத்தது என்று பல்லி கேட்டதும், அதிகாரி ஒரு கோப்பினை வரவழைத்தார். மகளின் சேர்க்கைப் படிவம். ஒன்பதாம் பக்கத்தின் அடியில், புகைப்படத்தை எந்தப் பயன்பாட்டுக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி. அதன் கீழே பதினேழு வயதுப் பெண்ணின் குண்டுகுண்டான கையெழுத்து. பல்லி படித்தார். ஊரில் உள்ள எல்லாச் சின்ன எழுத்தையும் படித்தவர், அன்றைக்கு வெட்கத்தில் இதைப் படிக்காமல் விட்டிருந்தார். படிவத்தை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

அந்த நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மகள் வந்தாள். சத்தம் போட வேண்டாம் என்று சொன்னவள் அவள். அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அதிகாரியிடம், "சார், அது நான்தான்" என்று வெளியே கையைக் காட்டினாள். "நாளைக்கு எனக்குப் பரீட்சை. நான் எழுதலாமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க."

உயர்ந்திருந்த கைப்பேசிகளை அதிகாரி ஒரு முறை எண்ணிப் பார்த்தது போலிருந்தது. உள்ளே போய்விட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். மனிதாபிமான அடிப்படையில் அனுமதிச்சீட்டு தரப்படும். பாக்கியை முப்பது நாளில் கட்டுவதாகத் தந்தை எழுதித்தர வேண்டும்.

"மனிதாபிமானத்துக்கும் கட்டணம் உண்டா சார்?" என்று பல்லி கேட்டார். "இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் பட்டியல்ல வரும்." அதிகாரி ஒரு தாளை அவர் பக்கம் நகர்த்தினார். பல்லி அதன் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

மகள் எல்லாத் தாள்களையும் எழுதினாள். பாக்கியை இருபத்தொன்பதாம் நாள் கட்டினார்கள். மனைவி தொழிற்சாலையில் முன்பணம் வாங்கினார். கூட்டாளி கேட்காமலே கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தார். வாசலில் ஒட்டியிருந்த பெயர்ப் பட்டியலில் அவள் பெயருக்கு மேல் ஒரு கோடு விழுந்தது. மற்றப் பெயர்கள் அப்படியே இருந்தன. இன்னும் ஒரு வருடம் பாக்கியிருக்கிறது. புதுப் பட்டியலில் என்ன பெயரில் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் அந்தப் பலகையை மாட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து சுருளோடு கிடங்குக்குத் திரும்பிய அன்றே ஒப்பந்தக்காரர், "நாளைக் காலையில அது சட்டத்துல இருக்கணும். இல்லேன்னா நீ வேலைக்கு வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். வேறு ஆளை விட்டு மாட்டச் சொல்லலாமே என்று மனைவி கேட்டார். "வேற ஆளுங்க முடிச்சு எனக்குத் தெரியும். ஒரு காத்துக்குத் தாங்காது. புள்ள நடுரோட்டுல வந்து விழுவா" என்றார் பல்லி.

மகள் தேர்வுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அதே காலையில் அவர் ஏறினார். மேல் விளிம்பு முடிந்தது, இரண்டு பக்கமும் முடிந்தன. கன்னத்தில் விழுந்திருந்த சுருக்கத்தை உள்ளங்கையால் நீவி எடுத்தார். பிறகு அடிப்பட்டைக்கு வந்தார். அந்த இரண்டடி எழுத்து வரியை, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும், பின்பக்கமாக மடித்துக்கொண்டே போனார்.

"அண்ணே, எழுத்து உள்ள போவுது" என்றார் கூட்டாளி கீழேயிருந்து.

"சட்டம் சின்னது" என்றார் பல்லி. மடிப்பின் மேல் கட்டுக்கம்பியைச் சுற்றி, குறடால் ஒரு முறுக்கு முறுக்கினார். இன்னொரு முறுக்கும் முறுக்கினார்.