ஊருக்குக் கால் டாக்டர்

“அந்த ஷூவை இப்படிக் குடுங்க” என்று வாசலிலேயே கையை நீட்டுவாள் என் மருமகள். வந்தவர் கூச்சத்தில் நெளிவார். அதற்குள் அவள் அதை விளக்குக்கு நேரே திருப்பி, அடியில் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, உள்ளே கைவிட்டுத் தடவி, ஒரு தடவை மடக்கியும் பார்த்துவிடுவாள். ஆளின் முகத்தைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

அவள் பாத மருத்துவர். ஊரில் சொல்வது கால் டாக்டர். எங்கள் வீட்டு முன்னறையில்தான் வைத்தியம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நான், வருகிறவர்களின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் ஒரு திரைச்சீலைதான். எனக்குக் காது இன்னும் நன்றாகக் கேட்கிறது.

பெரும்பாலும் முன்பாத வலிக்காரர்கள். “முன்னாடி பூரா வலிக்குது டாக்டர்” என்பார்கள்.

“பூரா வேணாம். ஒரு விரலால தொட்டுக் காட்டுங்க.”

பிறகு வெறுங்காலோடு நடக்கச் சொல்வாள். அவள் குத்துக்காலிட்டு, தலையைத் தரையோடு சாய்த்துக்கொள்வாள். ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்துக் கூடவே குனிந்து தேடியவர்கள் உண்டு. “நீங்க நடங்க. உங்க குதிகால் எப்ப தரையை விட்டுக் கிளம்புதுன்னு பார்க்கிறேன்” என்பாள்.

அடுத்தது கட்டைவிரலை மேலே மடக்கிப் பார்ப்பாள். விரல்களுக்குப் பின்னால் இருக்கும் ஐந்து எலும்பு முனைகளையும் ஒவ்வொன்றாக அழுத்துவாள். பிறகு எலும்புகளுக்கு இடையிலான சந்துகள். பிறகு பாதத்தை இரு பக்கமும் சேர்த்து இறுக்குவாள். சந்தில் நரம்பு தடித்திருந்தால் ஆள் துள்ளிவிடுவார். கடைசியில் ஒரு தாளில் காலை வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, அதன்மேல் அவருடைய ஷூவையே வைத்துக் காட்டுவாள். கோடு இரண்டு பக்கமும் வெளியே தெரியும். “பாதிக் காலை எங்கே வெச்சிட்டு நடக்கிறீங்க?” என்று கேட்பாள். சிரித்துக்கொண்டேதான் கேட்பாள்; ஆனால் அகலமான ஷூ வாங்காமல் மறுபடி வந்தால் சிரிக்க மாட்டாள்.

அவள் மேசை இழுப்பறையில் ஒரு சிவப்பு உதட்டுச்சாயம் இருக்கிறது. அவள் உதட்டில் அதை நான் கண்டதில்லை. வலிக்கும் புள்ளியில் தடவி, காலை ஷூவுக்குள் விட்டு நிற்கச் சொல்வாள். உள்ளே சிவப்பாகத் தடம் விழும். மெத்தென்ற பட்டையை அந்தத் தடத்தின் மேல் ஒட்ட மாட்டாள். சற்றுக் குதிகால் பக்கமாகத் தள்ளி ஒட்டுவாள்.

“வலி இங்க இருக்கு, நீங்க அங்க வெக்கிறீங்களே?”

“அங்க தூக்கினாத்தான் இங்க பாரம் குறையும்.”

சாயம் வாங்கி வருவது என் மகன். கடைக்காரப் பெண் ஒருநாள் “அக்காவுக்கு இந்தக் கலர் எடுப்பா இருக்குமா சார்?” என்று கேட்டிருக்கிறாள். “அவங்களுக்கு இல்லம்மா, ஊர்க்காரங்க காலுக்கு” என்று இவன் சொல்ல, அந்தப் பெண் மீதிச் சில்லறை கொடுக்க மறந்துவிட்டாளாம்.

என் மருமகள் தொட்டுப் பார்க்காமல் எதையும் சொல்லாதவள். ஒரே ஒரு தடவை சொன்னாள், தன் அக்காவுக்கு.

அக்காவுக்குத் தபால் கொண்டுபோகும் வேலை. பல வருடம் தற்காலிகமாக ஓடி, சென்ற ஆண்டுதான் சொந்தமாக ஒரு வட்டம், தினமும் அவளே தபால் கொடுக்க வேண்டிய தெருக்கள், கிடைத்தது. மேட்டுத் தெருக்கள் முழுக்க நடை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, “கூழாங்கல்லை மிதிக்கிற மாதிரி இருக்குடி” என்றாள். நரம்புத் தடிப்புக்காரர்கள் எல்லோரும் சொல்லும் வாக்கியம் அது. என் மருமகள் சாப்பாட்டுக் கையோடு, “நரம்புதான். பட்டை தர்றேன், வெச்சுக்கிட்டு நட” என்றாள். அக்கா நடந்தாள். மூன்றாவது வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அன்றுதான் மருமகள் அவளை மேசையில் உட்காரவைத்து அழுத்திப் பார்த்தாள். சந்தில் வலி இல்லை. இரண்டாவது எலும்பின் மேல் விரல் பட்டதும் அக்கா கத்திவிட்டாள். பாதத்தின் மேற்புறம் லேசாக வீங்கியும் இருந்தது. எக்ஸ்ரேயில் மயிரிழை போல ஒரு விரிசல்.

“கெட்டியான அடி உள்ள பூட்ஸ். ஆறு வாரம். நடை கூடாது.”

“ஆறு வாரமா? வட்டத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்கடி! நடன்னு நீதானே சொன்ன?”

“நான்தான் சொன்னேன். தொடாம சொன்னேன். தப்பு என்னோடதுதான் அக்கா.”

“அப்ப கால் நல்லாருக்குன்னு எழுதிக் குடு.”

“மாட்டேன். இன்னும் நடந்தா முழுசா ஒடியும்.”

“ஊருக்கெல்லாம் டாக்டர், அக்காவுக்கு மட்டும் ஜோசியக்காரி!” என்று சொல்லிவிட்டு அக்கா பூட்ஸை மாட்டிக்கொண்டு போனாள். மருமகள் வெகுநேரம் கைகழுவினாள்.

அலுவலகத்தில் ஆறு வாரத்துக்குத் தபால் பிரிக்கும் மேசையில் உட்காரவிட்டார்கள். அது முடிந்த மறுநாள் மருத்துவரின் சான்றோடு வந்தால் வட்டம் அவளுக்கு. இல்லாவிட்டால் அவளுக்குப் பதிலாக அந்தத் தெருக்களில் தபால் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு.

கெடு முடியும் நாள், அக்கா வேலை ஷூக்களைப் பையில் போட்டுக்கொண்டு காலையிலேயே வந்தாள். திரை திறந்தே இருந்தது.

“வலிச்சா சொல்லு.”

“வலிக்காது.”

“நான் இன்னும் தொடவே இல்ல.”

“தொட்டாலும் வலிக்காது. மாமா, நீங்களாவது சொல்லுங்க இவகிட்ட.”

நான் பெயர் எழுதும் நோட்டைப் புரட்டினேன். மருமகள் அந்த எலும்பைப் பிடித்து நிதானமாக அழுத்தினாள். அக்கா கூரையைப் பார்த்துப் புன்னகைத்தாள். அந்த முகத்தை என் மருமகள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. அவள் கண் அக்காவின் மற்றக் காலில் இருந்தது. முகத்தை அடக்கத் தெரிந்தவர்களுக்கும் அடுத்த கால் விரல்களை அடக்கத் தெரியாது, வலித்தால் அவை சுருண்டுவிடும் என்பது அவள் அனுபவம். மறுபடியும், இன்னும் பலமாக அழுத்தினாள். அந்த விரல்கள் தளர்ந்தே கிடந்தன. முந்தின நாள் எடுத்த எக்ஸ்ரேயை இன்னொரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்; விரிசல் சேர்ந்துவிட்டிருந்தது. ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்கி நிற்கச் சொன்னாள். அக்கா நின்றாள்.

“எழுதுடி” என்றாள் அக்கா.

மருமகள் பேனாவை எடுக்கவில்லை. பையிலிருந்த ஷூவை எடுத்து, கயிற்றை முழுதும் உருவினாள். அந்த எலும்புக்கு மேலே வரும் ஒரு ஜோடித் துளைகளை மட்டும், அங்கே அழுத்தாதபடி, காலியாக விட்டு, மற்றவற்றில் மறுபடி கோத்தாள்.

“நான் கட்டிக்க மாட்டேனா?”

மருமகள் தரையில் மண்டியிட்டு, அக்காவின் காலைத் தன் தொடைமேல் எடுத்து வைத்து, ஷூவை மாட்டி, இரட்டை முடிச்சாகப் போட்டாள். பிறகுதான் சான்று எழுதப் பேனாவை எடுத்தாள்.