அக்கா ஒப்புக்கொண்ட குற்றம்

எனக்குக் கொலை, ரத்தம், போலீஸ் எதுவும் ஆகாது. டி.வி.யில் ஒருவன் கத்தியை எடுத்தாலே எழுந்து போய்விடுவேன். என் அக்கா அப்படியில்லை. சட்டைக் கம்பெனியில் நாள் முழுக்கக் காலர் தைத்துவிட்டு வருவாள். செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கு யாரு செத்தா?" என்று சத்தமாகக் கேட்பாள். புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டுக்காரி அதைக் கேட்டு அரண்டுபோனாள். அத்தான் முன்னதாகவே வந்து துப்பறியும் தொடரைப் போட்டு உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான் விஷயம்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்காவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும். இருவருக்கும் குழந்தை இல்லை. மற்ற வீடுகளில் பிள்ளைகளின் மார்க்கை வைத்துச் சண்டை போடுவார்கள். இவர்கள் எந்தத் தொடர் ஒசத்தி, எது ரெண்டாவது, எது தேறாது என்று மல்லுக்கு நிற்பார்கள். குற்றவாளி கடைசியில் ஒப்புக்கொள்ளும் காட்சி நன்றாக இருந்தால்தான் அத்தான் மேலே ஏற்றுவார். அக்காவின் கணக்கு வேறு.

"செத்தவனுக்காக ஒரு ஆளாவது அழணும். இல்லன்னா அது என்ன கதை?" என்பாள்.

"அழுகைக்கு மார்க் போட்டா எல்லா சீரியலும் ஃபர்ஸ்ட்தான், போ" என்பார் அவர்.

ஒரு துறைமுகத்தில் நடக்கும் தொடரை மட்டும் இருவரும் மறுபேச்சில்லாமல் முதலிடத்தில் வைத்திருந்தார்கள். வக்கீலம்மா தொடருக்கும் பனி ஊர்த் தொடருக்கும் இரண்டாமிடத்துக்காக வருஷக்கணக்கில் இழுபறி.

அந்த வீட்டில் ஒரு கூத்து உண்டு. கடைசிப் பாகத்துக்கு முன்னால் அத்தான் டி.வி.யை நிறுத்திவிட்டு யாரையாவது நோக்கி விரலை நீட்டுவார். அந்த ஆள் எழுந்து நின்று, கதையில் வரும் குற்றவாளியாக, ஏன் கொன்றேன், எப்படிக் கொன்றேன் என்று முழுசாக ஒப்புக்கொள்ள வேண்டும். என்னையும் விட்டுவைக்கவில்லை. சும்மா பார்க்கப் போன நான் ஒரு கப்பல் கேப்டனைத் தள்ளிவிட்டதாக ஒப்புக்கொண்டேன். "சுமார்தான்" என்றார் அத்தான். அக்கா ஒப்புக்கொண்டால்தான் களைகட்டும். கண்ணீர் விடுவாள், பல்லைக் கடிப்பாள், அத்தான் கைதட்டிச் சிரிப்பார்.

பிறகு அவருக்கு மறதி வந்தது. முதலில் பெயர்கள், அப்புறம் வேலைக்குப் போன கட்டடங்கள். வேலையை விட்டு நின்றார். எது முதலிடம் என்று கேட்டால் மட்டும் துறைமுகம் என்பார். ஒருநாள் அப்படிக் கேட்டபோது, "எந்தத் துறைமுகம்?" என்றார். அக்கா முதல் பாகத்திலிருந்து போட்டாள். "எல்லாத்தையும் புதுசா பார்க்கறார்டி, குடுத்துவச்சவர்" என்று என்னிடம் சிரித்தாள்.

அடுத்து சந்தேகம் வந்தது. கடிகாரத்தை அவரே தலையணை உறைக்குள் ஒளித்துவைப்பார், காணோம் என்று வீட்டைப் புரட்டுவார். மாத்திரையின் நிறம் மாறியிருக்கிறது என்பார். கதவு, ஜன்னல், பால் டம்ளர் எல்லாவற்றையும் முகர்ந்து பார்ப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நானும் அங்கே இருந்தேன். வக்கீலம்மா தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் டி.வி.யை நிறுத்தினார். எழுந்தார். அக்காவை நோக்கி விரலை நீட்டினார்.

"நீதான். பால்ல கலந்து குடுக்கறது நீதான்."

அக்காவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அவர் விரலை நீட்டி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வக்கீலம்மா கதையிலும் ஒருவனைப் பாலில் விஷம் வைத்துத்தான் கொன்றிருந்தார்கள். பழைய மனுஷன் திரும்பி வந்துவிட்டார் என்றே அவள் நினைத்தாள். வேறு யாராக இருந்தாலும், "ஐயோ, நான் ஏங்க அப்படிச் செய்யப்போறேன்?" என்றிருப்பார்கள். இவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"ஆமா, நான்தான்! தினமும் கொஞ்சம் கொஞ்சமா கலந்தேன். சிரிச்சுக்கிட்டே குடுத்தேன். நீங்களும் நம்பிக் குடிச்சீங்க!"

அத்தனை வருஷத்தில் அவள் அவ்வளவு நன்றாக ஒப்புக்கொண்டதேயில்லை.

அத்தான் சிரிக்கவில்லை. பின்னாலேயே நகர்ந்து கதவை ஒட்டி நின்றார். அக்கா பதறி, "விளையாட்டுங்க, நம்ம விளையாட்டு" என்று கையைப் பிடிக்கப் போனாள். அவர் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடினார். செருப்புக்கூடப் போடவில்லை.

எல்லாவற்றையும் மறந்தவர் அதை மட்டும் மறக்கவில்லை. டாக்டரிடம் கேட்டோம். "என்ன நடந்ததுன்னு அவருக்கு ஞாபகம் இருக்காது. பயந்தது மட்டும் உள்ள தங்கிடும்" என்றார். அதற்கு மருந்து உண்டா என்று கேட்டதற்கு அவர் பேனாவை மூடினார்.

அக்கா கொடுத்தால் அத்தான் தண்ணீர்கூடத் தொடமாட்டார். தட்டைத் தூக்கி எறிவார். இரண்டு சட்டை போட்டும் எலும்பு தெரிந்தது. கடைசியில் அவரை என் வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்தோம். அக்கா பின்பக்கமாக வந்து என் அடுப்பில் சமைப்பாள், நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் ருசித்துச் சாப்பிடுவார். அவள் கதவிடுக்கில் நின்று பார்ப்பாள். வளையலைக் கழற்றி வைத்துவிட்டாள், சத்தம் கேட்கக்கூடாதாம். எனக்கு வந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது? டி.வி.யை விற்றுத் தொலை என்று கத்தினேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் சாப்பிடும்போது அத்தான் கையை நிறுத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பொம்பளையப் பிடிச்சாச்சா?"

"பிடிச்சாச்சு அத்தான். இனிமே பயமே இல்ல. சாப்பிடுங்க."

அவர் பெருமூச்சு விட்டார். கண் கலங்கிவிட்டது.

"அப்போ என் பொண்டாட்டியைக் கூப்பிடும்மா. அவ ரொம்ப பயந்திருப்பா. எத்தனை நாளா தேடறேன், எங்க ஒளிஞ்சிருக்கான்னே தெரியல. வரச்சொல்லு."

நான் தடுப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. அக்கா முகத்தைக்கூடத் துடைக்காமல் வந்து நின்றாள்.

"வந்துட்டேங்க" என்றாள்.

அத்தான் தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒடுங்கினார். "இவ எப்படி வெளிய வந்தா?" என்று என்னிடம் கேட்டார்.

அக்கா திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டேன். அன்றிலிருந்து தாழ்ப்பாள் சத்தம் கேட்டால்தான் அவர் சாப்பிடுகிறார்.