பன்னிரண்டு அடி விதி

ஏரியின் நீர்மட்டத்தைப் பார்த்து அலுவலகத்துக்குப் போனில் சொல்வது அவர் வேலை. கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் 'அங்குலம்'. மனைவியின் உயரத்தைக் கேட்டால்கூட அரை அங்குலம் கூட்டிச் சொல்ல மாட்டார். அந்த அம்மாவுக்கு இன்றும் அதில் மனத்தாங்கல்தான். இருபத்திரண்டு வருடங்களில் ஒரு பொய் அளவு அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

தண்ணீர் பன்னிரண்டு அடியைத் தொட்டால்தான் ஷட்டரைத் திறந்து வாய்க்காலில் விடலாம் என்பது விதி. முன்பெல்லாம் பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்கு ஏற ஒரு முழு நாள் பிடிக்கும். கரையோரக் கோரைப்புல்லுக்குள் தண்ணீர் பாட்டுக்குப் பரவிக் கிடக்கும். போன வருடம் அந்தக் கோரையை வழித்தெறிந்து, மண்ணைக் கொட்டி, நடைபாதை போட்டுச் சுவர் எழுப்பிவிட்டார்கள். அதில் குஞ்சு பொரித்த நீர்க்கோழிகள் போன இடம் தெரியவில்லை. ஏரி வெறும் தொட்டியாகிப் போனது. விதியை மட்டும் எந்த மகராசனும் மாற்றவில்லை.

அன்று காலை மழை கொட்டித் தீர்த்தது. பதினொரு மணிக்குப் பத்தடி. பதினொன்றரைக்குப் பதினொன்று. ஷட்டர் முழுதாகத் திறக்கவே ஒரு மணி நேரம் ஆகும். பன்னிரண்டு தொட்டபின் திறக்கத் தொடங்கினால் அதற்குள் தண்ணீர் சுவரைத் தாண்டிவிடும். சுவருக்குப் பின்னால் பள்ளத்தில் இருநூறு வீடுகள். அதில் ஒன்று அவருடையது. போனை எடுத்தார். 

"சார், பன்னெண்டு தொட்டுடுச்சு. உடனே தொறக்கச் சொல்லுங்க."

"அதுக்குள்ளயா? சரி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் இன்ஜினியர்.

அந்த நம்பிக்கை அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

ஒரு மணிக்கு இன்ஜினியரின் ஜீப் வந்தது. தண்ணீர் சுவரின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றுவிட்டிருந்தது.

"பிரமாதம்! சுவர் கட்டுனதால ஒரு பாதிப்பும் இல்லன்னு எழுதிடலாம். எதிர்க்கரையிலயும் அடுத்த வாரமே மண்ணக் கொட்ட ஆரம்பிச்சுடலாம்."

அங்குலம் எதிர்க்கரையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிலைக்கும், நல்ல பெயரும் மிஞ்சும். ஆனால் மிச்சமிருப்பது அந்தக் கரைக் கோரைதான். அதுவும் போனால், அடுத்த மழைக்குத் தண்ணீர் ஓர் அடி ஏற இந்த அரை மணி நேரம்கூட ஆகாது.

"சார், நான் சொன்னப்ப பதினொண்ணுதான் இருந்துச்சு. பொய் சொன்னேன். பன்னெண்டு வரட்டும்னு காத்திருந்தா இந்நேரம் எங்க தெரு முழுகியிருக்கும்."

"என்னங்க இது! வெளிய தெரிஞ்சா வேலையே போயிடும். நான் எதையும் கேக்கல" என்று இன்ஜினியர் விறுவிறுவென்று ஜீப்பில் ஏறிவிட்டார்.

அங்குலம் நீர்மட்ட நோட்டைத் திறந்தார். 'பதினொன்றரை மணிக்கு உண்மையான அளவு பதினொரு அடி. பன்னிரண்டு என்று பொய் சொன்னது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.