ஜொவிட்டா அக்காவின் ஒருசந்தி

என் அக்கா ஜொவிட்டா சாந்தோமில் கணக்கு டீச்சர். இருபத்திரண்டு வருஷம் போர்டில் எழுதியவளுக்குக் கழுத்தெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு பிதுங்கி, வலது கை மரத்துப்போய், சாக்பீஸ் நழுவ ஆரம்பித்தது. ஜனவரியில் கழுத்தின் முன்பக்கமாகத் திறந்து அதை எடுத்துவிட்டுச் செயற்கைத் தட்டு வைத்தார்கள். ஒரு வாரத்தில் கைக்கு உணர்வு வந்துவிட்டது. உடனே பள்ளிக்கூடம் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பிடிவாதத்தில் எங்கள் வீட்டில் அவளை மிஞ்ச ஆளில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றை அழுத்திச் சொன்னார். முதல் சில நாள் விழுங்கச் சிரமமாக இருக்கும், பிறகு குறையும்; கூடினால் உடனே வரவேண்டும். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

சாம்பல் புதன் வந்தது; நாற்பது நாள் தவக்காலம் தொடங்கியது. அக்கா சோற்றை விட்டாள். அடுத்த வாரம் இட்லியையும் விட்டுக் கஞ்சிக்கு வந்தாள். தவக்காலத்தில் எங்கள் வீடுகளில் யாராவது சாப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்கமாட்டோம்; ஒருவேளை மட்டும் சாப்பிடும் ஒருசந்தி நோன்பு என்று நாங்களே முடிவு கட்டிவிடுவோம். மதியம் மீன் குழம்பை ஒரு கை பார்க்கிற நான், அக்கா நாற்பது நாளும் ஒருசந்தி இருக்கிறாள் என்று எங்கள் பங்குக் கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். தெருக்காரர்கள் கூடும் ஜெபக் கூட்டத்தில் அவளை வைத்துக்கொண்டே சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டாள். அதை அடக்கம் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

மூன்றாம் ஞாயிறு பூசையில் நற்கருணை அப்பத்தை நாவில் வாங்கித் திரும்பியவள் என் பக்கத்தில் முழந்தாளிட்டாள். திடீரென்று இருமல். வாயிலிருந்த நற்கருணையைக் கைக்குட்டையில் எடுத்தாள். ஆண்டவரின் உடல் என்று வாங்குவதை இப்படி வெளியே எடுப்பது எங்களுக்குப் பெரிய அபசாரம்.

"என்னக்கா பண்றே?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

எச்சில்கூட இறங்காமல் கடைவாயில் வழிந்தது. கழுத்தைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். அவள் பயந்து நான் பார்த்ததே இல்லை. டாக்டர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் கணவர் ரொனால்ட் அத்தானும் நானுமாக ஆட்டோவில் ஏற்றினோம். தேனாம்பேட்டை சிக்னலில் அவளுக்கு மூச்சு இழுத்தது. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

செயற்கைத் தட்டு முன்பக்கம் நழுவி உணவுக்குழாயை அழுத்திக்கொண்டிருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் குழாயே கிழிந்திருக்கும் என்றார் டாக்டர். அன்றே தட்டை எடுத்து, எலும்புகளை இணைத்துவைத்தார்கள். அந்த மூன்று மணி நேரமும் அத்தான் ஜெபமாலை சொன்னார். எனக்கு ஜெபம் வரவில்லை.

ஐந்தாம் நாள் கஞ்சி கொடுக்கலாம் என்றார்கள். ஸ்பூனைக் கையில் எடுத்ததும் அதுவரை அடக்கிவைத்திருந்த கோபம் வெடித்தது. ஏன் மறைத்தாய், பெற்ற பிள்ளைகளை நினைத்துப் பார்த்தாயா என்று பொரிந்து தள்ளினேன். அவள் கரகரத்த குரலில் மெதுவாகச் சொன்னாள்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன் ஐவி. அதுக்குள்ள நீ பங்கு பூரா சொல்லிட்டே. ஃபாதர்கூடப் பாராட்டிட்டாரு. அப்புறம் என்னால முழுங்க முடியலைன்னு எப்படிடி சொல்றது?"

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு ஸ்பூன் கஞ்சியை வாயில் ஊட்டிவிட்டு, அது இறங்கும்வரை அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.