குடைச் சின்னம் வவ்வாலான நாள்

தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது பேட்டையில் நஸீமாவின் டிடிபி சென்டருக்கு ஒரு வயசுகூட ஆகியிருக்கவில்லை. வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், பழசாக வாங்கிய ஒரு லேசர் பிரிண்டர், சுவரில் ஒட்டிய கல்யாணப் பத்திரிகை மாதிரிகள். அவ்வளவுதான் கடை. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு ஜங்ஷனில் ஒரு கடையில் தமிழ் அடித்துக் கை பழகியவள் அவள். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த கணவன் இர்ஷாத், சென்னைக்குப் போய் அந்தப் பிரிண்டரை ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்த்தான்.

அவர்கள் வார்டை அந்தத் தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். தெருவே கலகலப்பாகிப் போனது. இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த ஷரீபா பீவி வேட்பு மனு போட்டாள். நஸீமா அவளை அக்கா முறை வைத்து 'லாத்தா' என்றுதான் கூப்பிடுவாள். பீடி சுற்றுகிறவள். தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் காலிக் குடத்தோடு ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்துவிடுவாள். அவளுக்குக் குடைச் சின்னம் கிடைத்தது. கிடைத்த கையோடு நஸீமாவிடம் ஓடி வந்தாள்.

நோட்டீஸ் மறுநாள் காலை வீடு வீடாகப் போயாக வேண்டும். நஸீமா பக்கத்தை அமைத்து பிரிண்ட் எடுத்துத் தந்தால், அச்சகத்தில் அதைப் படமெடுத்துத் தகடு செய்து அடிப்பார்கள். மூலத்தில் ஒரு கறை இருந்தால் அடிக்கிற நோட்டீஸ் எல்லாவற்றிலும் அதே கறை இருக்கும். அச்சகத்துக்காரர் சாயங்காலத்துக்குள் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

மதியம் முதல் பக்கம் வெளியே வந்தது. நஸீமா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பெயர் இழுபட்டுக் கிடந்தது. குடையின் விளிம்பில் கறுப்பு அப்பி, இரண்டு பக்கமும் சிறகு முளைத்திருந்தது.

"இது என்ன புள்ள, வவ்வாலு மாதிரி இருக்கு?" என்றாள் ஷரீபா பீவி.

நஸீமா எழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். மை விரலோடு வந்துவிட்டது. இன்னொரு பக்கம் எடுத்தாள். அதுவும் அப்படித்தான். தெருமுனையிலிருந்த எஸ்டிடி பூத்துக்கு ஓடி, பிரிண்டர் பழுது பார்க்கும் குருபிரசாத்துக்குப் போன் போட்டாள். அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். டோனருக்குள் இருக்கும் உருளை போயிருந்தால் புதுசு மதுரையிலிருந்துதான் வர வேண்டும், இரண்டு மூன்று நாள் ஆகும் என்றார். அவள் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டோ என்னவோ, ஒரு யோசனையும் சொன்னார்.

"பேப்பர் பாதி வழியில போகையில மூடியத் தொறந்திருங்க. அது அங்கனயே நின்னுரும். சூட்டு உருளைக்குப் போகுததுக்கு முந்தி பேப்பர்ல படம் எப்படி இருக்குன்னு பாருங்க. அங்க சுத்தமா இருந்தா உருளை மேல குத்தமில்ல."

வீட்டுக்கு வந்து அப்படியே செய்தாள். காகிதம் உள்ளே போகிற சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டே சட்டென்று மூடியைத் திறந்தாள். மை கலையாமல் காகிதத்தைப் பைய இழுத்து வெளியே எடுத்தாள். இன்னும் ஒட்டாத பொடியாகத்தான் இருந்தது மை. ஆனால் அந்தப் பொடியில் குடை, கம்பி கம்பியாக, அழகாக விரிந்திருந்தது!

நஸீமாவுக்குத் தலைகால் புரியவில்லை. உருளை பிழைத்துவிட்டது. அப்படியானால் கோளாறு அதற்கு அப்புறம்தான். மையை உருக்கிக் காகிதத்தில் ஒட்ட வைக்கிற இடத்தில். சூடு ஆறட்டும் என்று காத்திருந்து, சூட்டு உருளையில் படிந்திருந்த கறுப்பை மெல்லிய துணியால் துடைத்தாள். மறுபடி பிரிண்ட் கொடுத்தாள். கறுப்பு குறைந்திருந்தது. ஆனாலும் தொட்டால் மை விரலில் வந்தது.

அடுத்த பக்கம் வந்துகொண்டிருந்தபோது தலைக்கு மேலே டியூப் லைட் மங்கித் துடித்தது. மின்விசிறி சோர்ந்து சுற்றியது. சுவருக்கு அந்தப் பக்கம் 'சர்ர்' என்று வெல்டிங் வைக்கிற சத்தம். சத்தம் நின்றதும் விளக்கு பளிச்சென்றானது. திரும்பவும் சத்தம், திரும்பவும் மங்கல்.

"லாத்தா, கண்டுபிடிச்சிட்டேன்" என்றாள் நஸீமா. "கரண்டு பத்தல. அதான் மை உருகல."

சொல்லிக்கொண்டே தலையில் முந்தானையை இழுத்துப் போட்டபடி வெளியே ஓடினாள். பக்கத்தில் வன்னியராஜின் கிரில் பட்டறை. வாசல் வரைக்கும் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். பட்டறைக் கதவில் கத்தரிக்கோல் சின்னம் வரைந்திருந்தது. ஷரீபா பீவியை எதிர்த்து நின்ற பேச்சியம்மாள் வன்னியராஜின் கூடப்பிறந்த தங்கை. அவரிடம் போய், உங்கள் வேலையை நிறுத்துங்கள், உங்கள் தங்கையை எதிர்த்து நிற்கிறவளுக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்று எப்படிக் கேட்பது?

மறைத்துப் பேச அவளுக்கு வரவில்லை. இருந்ததை இருந்தபடி சொன்னாள். வன்னியராஜ் முகமூடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டார்.

"எங்க பேச்சிக்கும் இன்னும் நோட்டீஸ் அடிக்கல. அதையும் நீயே அடிச்சுக் குடுத்துருதியா? ரெண்டும் முடியுத வரைக்கும் நான் வெல்டிங்கத் தொடல."

நஸீமாவுக்கு உடனே வாக்குக் கொடுக்க முடியவில்லை. ஷரீபா பீவியிடம் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவள் கொஞ்சம் முகத்தைச் சுளித்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"அடிச்சுக் குடு புள்ள. எதுத்து நிக்கவ பேரும் தெளிவாத் தெரியட்டும். அப்பத்தான் ஜெயிச்சா நமக்கு மரியாதை."

பட்டறை அமைதியானது. விளக்கு அசையாமல் எரிந்தது. பிரிண்டர் முனகியது. பக்கம் வெளியே வந்ததும் நஸீமா கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். விரலில் ஒன்றுமில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். குடை குடையாகவே இருந்தது. அடுத்தது கத்தரிக்கோல், முனை இரண்டும் கூர்மையாக. வன்னியராஜ் இரண்டு பக்கங்களையும் தன் டிவிஎஸ் வண்டியிலேயே அச்சகத்துக்குக் கொண்டுபோனார். போகிற வழியெல்லாம் தூற்றலில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோனதாகப் பிறகு சொன்னார்.

ஷரீபா பீவி ஜெயித்தாள். பேச்சியம்மாளும் கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில்தான் தோற்றாள். இருவர் நோட்டீஸும் ஒரே பிரிண்டரில் வந்த கதை பேட்டையைத் தாண்டியும் பரவியது. குருபிரசாத் காய்ச்சல் தேறி வந்து நடந்ததைக் கேட்டார். அதன்பிறகு தன்னால் போக முடியாத இடங்களுக்கு நஸீமாவைக் கைகாட்டிவிட ஆரம்பித்தார்.

முதல் அழைப்பு அம்பாசமுத்திரத்தில் ஒரு வக்கீல் ஆபீஸிலிருந்து வந்தது. பையில் திருப்புளி, துணி, ஒரு பிரஷ், ஸ்கேல் எடுத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினாள். ஜன்னலுக்கு வெளியே நாற்று நட்ட வயல்கள் ஓடின. அவள் எதையும் பார்க்கவில்லை. அங்கே கரண்டா, காகிதத்தில் ஈரமா, உருளையில் கீறலா என்று மனசுக்குள்ளேயே ஒவ்வொரு மூடியாகத் திறந்துகொண்டு போனாள்.

வக்கீல் நீட்டிய பக்கத்தில் மை அழியவில்லை. ஆனால் மேலிருந்து கீழே வரை சம இடைவெளியில் கறுப்புப் பொட்டுகள். நஸீமா ஸ்கேலை வைத்து இடைவெளியை அளந்தாள். ஏதோ ஒரு உருளை, சுற்றுக்கு ஒரு தரம் அதே இடத்தில் முத்திரை குத்துகிறது.

"இதுல விலாச ஸ்டிக்கர் ஏதும் அடிச்சீங்களா சார்?" என்று கேட்டாள்.

முந்தின வாரம் அடித்தோம் என்றார் அவர்.

அந்தப் பசைதான் உருகிச் சூட்டு உருளையில் ஒட்டியிருக்க வேண்டும். சுவிட்சை அணைத்துவிட்டு, உள்ளே சூடு ஆறுகிற வரைக்கும் பொறுக்க முடியாமல், நஸீமா திருப்புளியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.