பட்டாணிக்குக் கட்டிய கொசுவலை

எங்கள் ஊரில் பட்டாணி என்றால் காய்ந்து உருண்டு, வறுத்து விற்கிற பட்டாணிதான். கொடியில் பச்சையாகப் பார்த்தவர்கள் குறைவு. நான் அரக்கோணத்தில் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை செய்ததால் காயைப் பார்த்திருக்கிறேன். பெங்களூரிலிருந்து மதராஸுக்குக் கூடை கூடையாகப் போகும். ஒரு நாள் நானும் மனைவியும் பிளாட்பாரத்தில் நின்றிருந்தபோது ஒரு கூடை பிரிந்து கொட்டியது. போர்ட்டர் ஒருவர் ஒரு பிடி காயை அள்ளி அவளிடம் கொடுத்தார். உரித்துப் பச்சையாகவே தின்றாள். திருத்தணி வந்து இறங்கும் வரை அதே பேச்சு.

முதல் பிள்ளை வயிற்றில் வந்தபோது மற்றவர்களைப் போல அவள் மாங்காய் கேட்கவில்லை; பச்சைப் பட்டாணி கேட்டாள். அந்தக் கூடைகள் எங்கள் பக்கத்துச் சந்தையில் இறங்குவதில்லை. பெங்களூர் வண்டியில் வரும் தெரிந்த ரயில் கார்டு ஒருவரிடம் சொல்லி விதை வரவழைத்தேன். ஐப்பசி மழை விட்டதும் கிணற்றடியில் அவளே விதைத்தாள். முளை வந்த சமயத்தில் ஐந்தாம் மாதச் சீமந்தம் முடிந்து, அம்மையார்குப்பத்திலிருந்த தாய்வீட்டுக்கு அவளை அழைத்துப் போய்விட்டார்கள்.

அம்மையார்குப்பம் ஒன்றும் தூரதேசம் இல்லை. ஆர்.கே.பேட்டை வழியாக பஸ் போகும். ஆனால் அழைக்காமல் மாமனார் வீட்டுக்குப் போகிற மருமகனை எங்கள் பக்கத்தில் கேலி செய்யாமல் விடமாட்டார்கள். போவதற்கு ஒரு காரணம் வேண்டும். எனக்கோ நான்கு பேர் முன்னால் பேசவே நாக்கு எழாது. பட்டாணி காய்த்தால் அதை எடுத்துக்கொண்டு போகலாம், பிள்ளைத்தாய்ச்சி கேட்டதைக் கொடுக்க வந்தேன் என்றால் யாரும் எதுவும் சொல்ல முடியாது. அந்தக் கொடியை விட்டால் அவளைப் பார்க்க எனக்கு வேறு வழி இல்லை.

மார்கழியில் பூ விட்டது. பூவோடு சின்னச் சின்ன நீலப் பட்டாம்பூச்சிகளும் வந்தன. அழகாக இருக்கின்றனவே என்று விட்டுவிட்டேன். பிறகுதான் மொட்டெல்லாம் ஓட்டையாக இருப்பதைப் பார்த்தேன். உள்ளே பச்சைப் புழு. சாம்பல் தூவினேன், பனி வந்து கரைத்துவிட்டது. பூச்சி உட்காராமல் செய்தால்தான் காய் தேறும் என்று தோன்றியது. உள்ளே போய், கட்டிலுக்கு மேலே கட்டியிருந்த கொசுவலையை அவிழ்த்தேன். கல்யாணத்துக்கு அவள் வீட்டார் கொடுத்த வலை. நான்கு மூங்கில் நட்டு, கொடிகளுக்கு மேல் போர்த்தி, ஓரமெல்லாம் மெத்தைக்கு அடியில் செருகுவது போல மண்ணுக்குள் செருகினேன்.

பக்கத்து வீட்டு அக்கா வேலி ஓரம் வந்து நின்று பார்த்தாள்.

"ஏம்பா, பொண்டாட்டிய அம்மா வூட்டுக்கு அனுப்பிட்டு செடிக்குப் படுக்க போட்டுக்கினு இருக்கியே. நாலு பேருக்குத் தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்க?"

நான் குனிந்தபடியே வலை ஓரத்தைச் செருகிக்கொண்டிருந்தேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

வலைக்குள் ஒரு பட்டாம்பூச்சியும் நுழையவில்லை. ஆனால் புழு குறையவில்லை, கூடியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் அம்மா வந்து குனிந்து வலைக்குள் பார்த்தாள். மைனா ஒன்று வெளியே நடந்து நடந்து வலையைக் கொத்திக்கொண்டிருந்தது.

"புழுவ உள்ள வெச்சுத்தான் வலைய கட்டிக்கிற. மைனா தின்னாம அதுங்களுக்குக் காவல் போட்டுட்டியே, நைனா."

அம்மா சொன்னது சரிதான். நான் வலை கட்டும் முன்பே பட்டாம்பூச்சிகள் மொட்டில் முட்டையிட்டுவிட்டிருந்தன. வலையைப் பிரித்தேன். அரக்கோணம் வண்டிக்குப் போகும் முன் தினமும் விடிந்ததும் உட்கார்ந்து, ஓட்டை விழுந்த பூவையும் பிஞ்சையும் கிள்ளி எடுத்தேன். மைனாக்களும் பக்கத்திலேயே மேய்ந்தன. கொடி ஏறக்குறைய மொட்டையாகிவிட்டது. இனிக் காய்க்காது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் புழு தீர்ந்ததும் வலையை மறுபடி போர்த்தி வைத்தேன். மலைக்கோயிலில் மணி அடிக்கும்போது அவள் அங்கே எழுந்திருப்பாளா, என்ன சாப்பிடுவாள் என்று நினைத்துக்கொண்டே கிள்ளிய நாட்கள் அவை.

தை பிறந்து கொஞ்ச நாளில் புதுப் பூ வந்தது. காய் பிடித்தது. ஒரு துணிப்பையின் அடியை நிரப்பும் அளவுக்குத் தேறியது. ஒரு காயிலும் ஓட்டை இல்லை.

அம்மையார்குப்பத்தில் தெருவெல்லாம் தறிச் சத்தம். மைத்துனன் தறிக்குழியில் இருந்தபடியே, "வாங்க பாவா, யாரு கூப்ட்டாங்க?" என்றான். நான் பையைத் தூக்கிக் காட்டினேன். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் காய்க்கா இவ்வளவு தூரம் என்று கேட்டுவிட்டு மறுபடி நெய்யத் தொடங்கினான்.

மாமியார் காயை முறத்தில் கொட்டி அவள் முன்னால் வைத்தார். அவள் முகம் உருண்டு, நிறம் மாறியிருந்தது. எல்லாரும் சுற்றி இருந்தார்கள். அவள் ஒவ்வொரு காயாக உரித்து, பச்சையாகவே வாயில் போட்டுக்கொண்டாள். நடுவில் ஒரு காயை உரிக்காமல் என் பக்கம் நகர்த்தினாள். நான் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சாயங்கால பஸ்ஸுக்கு நான் எழுந்தபோது கதவு வரை வந்தாள். கொடியில் இன்னும் காய் இருக்கிறதா என்று கேட்டாள். இவ்வளவுதான், கொடி காய்ந்துவிட்டது என்றேன். அவள் உள்ளே ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ அடுத்த வாரம் இன்னா எடுத்துக்கினு வருவீங்க?"

வருகிறேன் என்று தலையை ஆட்டினேன். பஸ் ஆர்.கே.பேட்டையைத் தாண்டும் வரை, அரக்கோணத்தில் இறங்குகிற சாமான்களில் அவளுக்குப் பிடித்தது எது, எந்த மாதத்தில் எது வரும் என்று ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டே வந்தேன்.